தோட்டத்து அந்தோணியார் கோவில் ரிப்பேர்: எதை மாத்தலாம், எதுல கை வைக்கக்கூடாது?

நிபோங்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். இங்க பழைய கட்டட வேலை தெரிஞ்சவங்களும் இருக்கீங்க, கோவில் பூசை முறை தெரிஞ்சவங்களும் இருக்கீங்க, அதான் இங்கயே கேட்டுடலாம்னு.

பினாங்கு மாநிலத்துல, செபராங் பிறை தெற்குல, நிபோங் திபால்ல இருந்து உள்ள போகணும் எங்க தோட்டத்துக்கு. முன்ன கித்தா (ரப்பர்), இப்ப முழுக்க செம்பனை. லயத்து வரிசை வீட்டை இடிச்சாச்சு, ஆளுங்க எல்லாம் தாமான் குடியிருப்புக்குப் போயாச்சு, புள்ளைங்களைப் பாத்துக்கற ஆயாக் கொட்டகை இருந்த எடம் கூட தெரியல, அந்தோணியார் கோவில் மட்டும் நிக்குது. மாசத்துக்கு ஒரு பூசை. செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வயசான அம்மாங்க கொஞ்ச பேர் வருவாங்க. ஜூன் 13 திருநாளுக்கு மட்டும் கேஎல் (கோலாலம்பூர்), சிங்கப்பூர்னு எங்கெங்கயோ இருக்கற தோட்டத்து ஜனம் பூரா வந்து எறங்கிடும், தேர் இழுக்க ஆள் பஞ்சமே இருக்காது.

கோவில் சின்னதுதான். முன் செவுரு மட்டும் ஒசரம், ரெண்டு பக்கமும் படிப்படியா ஏறி உச்சியில சிமெண்ட் சிலுவை, வாசல் கூர் வளைவு. பின்னாடி போய்ப் பாத்தா சாதா ஓட்டுக் கூரை, அவ்ளோதான். பக்கத்துக்கு மூணு ஜன்னல், மரச் சட்டம், மேல வளைவுல செவப்பு, பச்சை, மஞ்சள்னு கலர் கண்ணாடித் துண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல அந்தக் கலர் எல்லாம் தரையில விழும். செவுத்துல கூரைகிட்ட வரிசையா காத்து போற ஓட்டைக் கல்லு. பீடம் பழைய மரப் பீடம், பின் செவுத்தோட ஒட்டி இருக்கு, மேல மூணு மாடம், நடுவுல அந்தோணியார், ஒரு பக்கம் மாதா, ஒரு பக்கம் செபஸ்தியார். பீடத்துக்குப் பின்னாடி செவுத்துல நீலம் அடிச்சு நட்சத்திரம் போட்டிருந்தாங்களாம், இப்ப அது மேல கிரீம் கலர் பெயிண்ட். ஏசு சிலுவை சுமந்து போனதைக் காட்டற சிலுவைப்பாதை படம் 14ம் இருக்கு, கீழ பிரெஞ்சுல எழுத்து.

இப்ப ஒருத்தர் நல்ல மனசோட பெரிய தொகை குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு. கமிட்டி பிளான் இதுதான்: உள் செவுத்துக்கு நாலடி ஒசரத்துக்கு டைல்ஸ், தரைக்கும் டைல்ஸ், பிளாஸ்டர் சிலிங் போட்டு உள்ள எல்ஈடி, மரப் பீடத்தைக் கழட்டிட்டு கிரானைட் பீடம், கலர் கண்ணாடி எடுத்துட்டு அலுமினியம் ஸ்லைடிங், ரெண்டு ஏர்கான், சுரூபத்துக்கெல்லாம் (சாமி சிலைங்க) புது பெயிண்ட். டைல்ஸ் கேக்கறதுக்கு காரணமும் இருக்கு, செவுரு அடியில எப்பவும் ஈரம், பெயிண்ட் அடிச்ச ஆறு மாசத்துல கொப்பளிச்சு உரியுது, விரல்ல தொட்டா வெள்ளையா மாவு ஒட்டுது. எத்தனையோ வாட்டி அடிச்சுப் பாத்தாச்சு.

எனக்கு என்னமோ மனசு ஒப்பல. ஆனா மீட்டிங்ல "ஏன் வேணாங்கற?"ன்னு கேட்டா "பழசு"ன்னு மட்டும் சொன்னா யாரு ஒத்துக்குவா? காரணத்தோட சொல்லக்கூடியவங்க சொல்லுங்க.


சுண்ணாம்பு_கை

தம்பி, ஜார்ஜ் டவுன்ல பழைய கடைவீடு ரிப்பேர்தான் நமக்குப் பொழப்பு. நீ சொன்ன அந்த வெள்ளை மாவு இருக்கே, அது உப்பு. அதை வெச்சே பாதி கதை தெரியுது.

அந்தக் காலத்து செவுரு செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும். அடியில ஈரம் தடுக்க ஒண்ணும் இருக்காது, மண்ணுல இருக்கற தண்ணி செங்கல் வழியா மேல ஏறும், அதைத் தடுக்கவே முடியாதுன்னு தெரிஞ்சுதான் மேல சுண்ணாம்புப் பூச்சு பூசினாங்க. சுண்ணாம்பு ஈரத்தை வெளிய விட்டுடும், காத்து பட்டா காஞ்சிடும், வருசத்துக்கு ஒரு வாட்டி திருநாளுக்கு முன்னாடி வெள்ளையடிச்சா முடிஞ்சுது. அப்புறம் வந்தவங்க என்ன பண்ணாங்க, விழுந்த எடத்துல சிமெண்ட் பூசி மேல எமல்ஷன் பெயிண்ட் அடிச்சாங்க. சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் ஈரத்தை விடாது. உள்ள மாட்டிக்கிட்ட தண்ணி வழி தேடி வரும்போது உப்பையும் இழுத்துக்கிட்டு வருது, மேல வந்து தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு பெயிண்ட்டுக்கு அடியிலயே கட்டியாகி பெயிண்ட்டையும் பூச்சையும் தள்ளி விடுது. அதான் கொப்பளம்.

இதுல நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினா என்ன ஆகும்? ஈரம் நிக்காது, டைல்ஸ்க்குப் பின்னாடியே ஏறி அஞ்சடியில வெளிய வரும். அப்ப அஞ்சடிக்கு டைல்ஸ் போடுவீங்களா? ஜன்னல் சட்டம், பீடம் எல்லாம் மரம், ஈரமும் கறையானும் ஜோடியா வர்ற சாமான், அதையும் நெனச்சுக்கோ.

செவுத்தைத் தொடறதுக்கு முன்னாடி வெளிய போய் ஒரு சுத்து சுத்தி வா. கோவிலைச் சுத்தி யாராவது காங்கிரீட் போட்டு மண்ணு மட்டத்தை ஒசத்தியிருக்காங்களா பாரு. வெளித் தரை உள் தரையை விட ஒசரமா இருந்தா நீ என்ன பூசினாலும் வீண். வாய்க்கால் அடைச்சிருக்கா, கூரைத் தண்ணி நேரா செவுத்தடியில விழுதா, ஓடு ஏதாவது ஒடஞ்சிருக்கா? நம்ம ஊர்ல வருசத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுது, அதுக்கு வழி விடாம பெயிண்ட் கடைக்காரனை திட்டிப் பிரயோஜனமில்ல. முதல்ல கூரை, அப்புறம் வாய்க்கால், அப்புறம் செவுரு காய விடணும், மாசக்கணக்குல ஆகும், அதுக்கப்புறம்தான் பூச்சு.

சிமெண்ட்டா சுண்ணாம்பான்னு தெரியணும்னா மூலையில சாவியால கீறிப் பாரு. சுண்ணாம்புன்னா மெதுவா வெள்ளையா பொடியும், சிமெண்ட்னா சாம்பல் கலர், சாவிதான் தேயும். சிமெண்ட் இருக்கற எடத்துல சுத்தியல் எடுத்து ஆவேசமா ஒடைக்காதீங்க, பழைய செங்கல் மொகமே சேர்ந்து பிஞ்சு வந்துடும். தானா விட்டுப்போன எடத்தை மட்டும் எடுத்துட்டு ஒரு பங்கு சுண்ணாம்பு மூணு பங்கு மணல்னு கலந்து ரெண்டு மூணு கோட்டா பூசணும், வெயில் நேரா பட விடாம ஈரச் சாக்கு தொங்கவிடணும். மேல வெள்ளையடிக்கறது தண்ணியா, மெல்லிசா, பல தடவை.

நீலம் சொன்னியே, அது சுண்ணாம்புல நீலம் கலந்து அடிச்சதா இருக்கும். லீத் தெருவுல செங் ஃபாட் ஸீ மாளிகை பாத்திருப்ப, அந்த நீலமும் சுண்ணாம்புல அவுரி நீலம் கலந்ததுதான். கிரீம் பெயிண்ட்டை ஒரு சின்ன எடத்துல மட்டும் பிளேடால மெதுவா சொரண்டிப் பாரு. அடியில நட்சத்திரம் கிடைச்சா போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு கையை எடுத்துடு, மிச்சத்தை தெரிஞ்சவன் பாத்துக்கட்டும்.


பழைய_தண்டல்

எல்லாம் சரிதான் அண்ணே, ஆனா அங்க வந்து முட்டி போடறது யாரு? எழுவது வயசு அம்மாங்க. வேர்வையில குளிச்சுக்கிட்டு, கொசுக்கடில, வழுக்கற தரையில. இவங்களுக்கு ஒரு ஏர்கான் போட்டுக் குடுத்தா தப்பா? காசு குடுக்கறவர் டைல்ஸ்க்குத்தான் குடுக்கறாரு, சுண்ணாம்புக்கு குடுப்பாரா கேளுங்க. கோவில்ங்கறது சாமி கும்பிடற எடம், மியூசியம் கிடையாது லா. பேஸ்புக்ல போட்டோ போடறவங்களுக்கு பழைய செவுரு அழகாத்தான் இருக்கும்.


உபதேசியார்_பேத்தி

தண்டல் அண்ணன் கேக்கறது நியாயமான கேள்விதான், அதுக்கு கட்டட ஆளுங்க பதில் சொல்லட்டும். நான் பீடத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். நான் கேஎல், ஜாலான் ராபர்ட்சன் அந்தோணியார் கோவில் பங்கு, தாத்தா பேராக் பக்கம் தோட்டத்துல உபதேசியாரா இருந்தவரு, சாமியார் மாசத்துக்கு ஒரு வாட்டி வந்தா மிச்ச ஞாயித்துக்கெழமை செபம் சொல்றது, புள்ளைங்களுக்கு ஞானோபதேசம், சாவு வீடு எல்லாம் அவர்தான்.

செவுத்தோட ஒட்டின பீடம்னா அது பழைய முறைப் பூசைக்குக் கட்டினது. சாமியார் ஜனங்களோட சேர்ந்து ஒரே பக்கம் பாத்து நின்னு லத்தீன்ல பூசை வைப்பாரு. பீடத்துக்கு மேல படி படியா இருக்குமே, அது மெழுகுவர்த்தித் தண்டும் பூவும் வைக்கறதுக்கு, நடுவுல நற்கருணைப் பேழை (மந்திரிச்ச அப்பம் வைக்கற பெட்டி), அதுக்கு மேல பாடுபட்ட சுரூபம் (சிலுவையில தொங்கற ஏசு). ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1962ல ஆரம்பிச்சு 1965ல முடிஞ்சுது, 1964 செப்டம்பர்ல வந்த அறிவுரையிலதான் பீடத்தை செவுத்தை விட்டுத் தள்ளி, சுத்தி வரக்கூடிய மாதிரி, ஜனங்களைப் பாத்து பூசை வைக்கற மாதிரி அமைக்கறது நல்லதுன்னு சொன்னாங்க. பழைய பீடத்தை ஒடைங்கன்னு எங்கயும் சொல்லல. ஆனா எத்தனை ஊர்ல ஒடச்சு வெறகாக்கிட்டாங்க!

இப்ப இருக்கற திருப்பலி நூல் பொது விதிகள்ல 303ம் எண்ணை உங்க கமிட்டிக்கு அப்படியே காட்டுங்க. பழைய பீடத்தை நகட்டினா அதோட கலை மதிப்பு கெட்டுப்போகும்னா அதை அங்கயே விட்டுட்டு முன்னாடி வேற பீடம் வெச்சு அதுல பூசை வைக்கணும், பழசுக்கு தனியா அலங்காரம் பண்ணக்கூடாது, ஜனங்க கவனம் புதுப் பீடத்துலதான் இருக்கணும். உங்க கோவில் அளவுக்கு நல்ல மரத்துல ஒரு சின்ன பீடம் செஞ்சா போதும். அவ்ளோ சின்ன எடத்துல கிரானைட் வெச்சா சாமியார் திரும்பறதுக்கு எடம் இருக்காது.

சுரூபம் பத்தி ஒண்ணு. வர்றவங்க எல்லாம் நேர்த்திக்கடனுக்கு ஆளுக்கொரு வேளாங்கண்ணி மாதா குடுப்பாங்க, வேணாம்னு சொல்ல முடியாம வரிசையா நிக்கும், எங்க பாத்தாலும் இந்தக் கூத்துதான். அதே விதிகள்ல 318ம் எண், ஒரே புனிதருக்கு ஒரு சுரூபத்துக்கு மேல பொதுவா வைக்க வேணாம்னு சொல்லுது. அதைச் சொல்லி நாசூக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்குவாங்கதான், ஆனா கொஞ்சமா.

ரொம்ப முக்கியமானது கடைசியா. மரப் பீடத்துல பூசை வெச்சிருந்தா அதுக்குள்ள ஒரு பீடக்கல்லு இருந்தே ஆகணும், அப்ப அது சட்டம். சதுரமா ஒரு கல்லு, மேல அஞ்சு சிலுவை செதுக்கியிருக்கும், ஒரு சின்னக் குழியில வேதசாட்சிகளோட (வேதத்துக்காக உயிர் விட்டவங்க) அருளிக்கம், அதாவது எலும்புத் துண்டு மாதிரி ஏதாவது வெச்சு மூடியிருப்பாங்க. விரிப்பை எடுத்துட்டு பலகை நடுவுல கை வெச்சுத் தடவிப் பாருங்க. இது தெரியாம காண்ட்ராக்டர் பீடத்தைத் தூக்கிக் குப்பை லாரில போட்டுட்டா அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல.


நிபோங்_பையன்

அக்கா, உங்களுக்கு கோடி புண்ணியம். நேத்து சாயங்காலம் சாவி வாங்கிட்டுப் போய்ப் பாத்தேன். பிளாஸ்டிக் விரிப்பு, அதுக்குக் கீழ லேஸ் துணி, அதுக்குக் கீழ பழுப்பா போன வெள்ளைத் துணி, எல்லாத்தையும் எடுத்தா பலகை நடுவுல ஒரு கல்லு பதிச்சிருக்கு, பலகையோட மட்டமா, கண்ணுக்கு சட்டுன்னு தெரியல. ஒரு அடி கூட இருக்காது. நாலு மூலையில நாலு சிலுவை, நடுவுல ஒண்ணு, நடுவுல இருக்கறது தேஞ்சு போய் விரலுக்குத்தான் தட்டுப்படுது. முன் ஓரத்துல சின்னதா சிமெண்ட் வெச்சு அடைச்ச மாதிரி ஒரு எடம். எங்கப்பா காலத்துல இருந்து அங்க பூ மாத்தறவங்களுக்கே இது தெரியாதாம். இதை என்ன பண்றது இப்ப?

சுண்ணாம்பு அண்ணே, வெளிய நீங்க சொன்ன மாதிரியேதான், சுத்தி காங்கிரீட், பின்பக்கம் உள் தரையை விட ஒரு சாண் ஒசரம். தேர் நிறுத்த எடம் வேணும்னு எப்பவோ போட்டதாம்.

இன்னொண்ணு, மேல ஏற்கனவே தட்டையா வெள்ளை ஷீட் சிலிங் இருக்கு, ஓட்டுக்கும் அதுக்கும் நடுவுல வௌவால். அதை எடுத்துட்டுத்தான் பிளாஸ்டர் போடப் போறாங்க.


உபதேசியார்_பேத்தி

ஒண்ணும் பண்ணாதீங்க. அந்த அடைப்பை நோண்டாதீங்க, விரிப்பை மறுபடி போட்டுட்டு பங்கு ஃபாதர்கிட்ட நேரா போய்ச் சொல்லுங்க, அவரு ஆயர் இல்லத்துக்குச் சொல்லுவாரு. அந்தக் கல்லு பீடத்தோட அங்கயே இருக்கறதுதான் நல்லது. எடுத்தே ஆகணும்னா அவங்க வந்து எடுக்கட்டும். அருளிக்கத்தை விக்கறதுக்கு திருச்சபைச் சட்டத்துல எடமே இல்ல, இதையும் கமிட்டி காதுல போட்டு வைங்க, பழைய சாமான் வாங்கறவனுங்க கோவில் கோவிலா சுத்தறானுங்க.

மூணு விரிப்பு இருந்துச்சு பாத்தீங்களா, பழைய முறையில பீடத்துக்கு மூணு துணி விரிக்கணும்னு இருந்துச்சு. யாருக்கும் காரணம் தெரியாமலே அந்த அம்மாங்க இன்னும் மூணு விரிக்கிறாங்க!


சுரூபக்கடை_பிஎம்

புக்கிட் மெர்தாஜாம் ஆள் நான். எங்கப்பா சுரூபம் ரிப்பேர் பண்ணுவாரு, நானும் அதே வேலை, சைடு வருமானம். புது பெயிண்ட்னதும் வயிறு கலங்குது, ஏன்னா கமிட்டிக்காரங்க புது பெயிண்ட்னா ஹார்ட்வேர் கடை எனாமல்தான் வாங்குவாங்க, அதுவும் பளபளா. மொகத்துல அடிச்சா மூக்கும் உதடும் மழுங்கிப்போய் அந்தோணியாருக்கும் சூசையப்பருக்கும் வித்தியாசம் தெரியாது, ரெண்டு பேர் கையிலயும் லீலி பூ, ரெண்டு பேர்கிட்டயும் பாலன், அப்புறம் துறவி உடுப்பையும் இடுப்புக் கயித்தையும் வெச்சுத்தான் கண்டுபுடிக்கணும்.

பழைய சுரூபம்னா முதல்ல எதுல செஞ்சதுன்னு பாருங்க. விரல் ஒடஞ்ச எடத்துல வெள்ளையா சாக்குக்கட்டி மாதிரி தெரிஞ்சா பிளாஸ்டர், உள்ள கூடா இருக்கும், தட்டினா சத்தத்துலயே தெரியும். நம்ம பக்கம் ரொம்ப காலம் பிரெஞ்சு சாமியாருங்கதான் பங்கு பாத்தாங்க, பாரிஸ் மிஷன் சபை, அதனால பிரான்ஸ்ல அச்சுல வார்த்த பிளாஸ்டர் சுரூபம் நெறைய கப்பல்ல வந்துச்சு. அடிப்பீடத்துக்குப் பின்னாடி முத்திரை ஏதாவது குத்தியிருக்கா பாருங்க. கண்ணு மட்டும் பளிச்சுன்னு ஒளி புடிச்சா கண்ணாடிக் கண்ணு, அதுமேல பெயிண்ட் அடிச்சா அவ்ளோதான். பிளாஸ்டருக்கு ஈரம் ஆகாது, ஈரத்துணியால தொடைக்காதீங்க, மெல்லிசு பிரஷ்ஷால தூசி தட்டினா போதும். அந்த ஈரச் செவுத்துல இருந்து ரெண்டு விரல் இடைவெளி விட்டு வைங்க.

செபஸ்தியார் சுரூபத்துல அம்பு காணாமப் போயிருக்கும், எல்லா ஊர்லயும் அதேதான், கழட்டி மாட்டற மாதிரி இருக்கறதால புள்ளைங்க எடுத்துட்டுப் போயிடும். புதுசா மரத்துல செதுக்கி சொருகிடலாம், அது சுலபம். அவரை ஏன் தோட்டத்துல வெச்சாங்கன்னா கொள்ளை நோய் வராம காக்கறவருன்னு. மலேரியாவும் வாந்திபேதியும் தோட்டத்தை வாரிக்கிட்டுப் போன காலம் அது. அதனால அந்த மாடத்துல இருந்து அவரை எடுத்துட்டு இப்ப பிரபலமான வேற யாரையாவது வைக்கலாம்னு பேச்சு வந்தா ஒத்துக்காதீங்க.

சட்டமும் நம்ம பக்கம்தான். திருச்சபைச் சட்டம் 1189, பழமையாலயோ கலையாலயோ ஜனங்க பக்தியாலயோ சிறப்பா இருக்கற சுரூபம், படத்தை ஆயரோட எழுத்து அனுமதி இல்லாம ரிப்பேர் பண்ணவே கூடாது, அவரும் தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டுத்தான் அனுமதி குடுக்கணும். பெயிண்ட் டப்பா வாங்கறதுக்கு முன்னாடி இதை மீட்டிங்ல படிச்சுக் காட்டுங்க.

சிலுவைப்பாதை படத்தை பிரேமைக் கழட்டிப் பின்னாடி அட்டையைப் பாக்கணும், அட்டை பழுப்பா நொறுங்கினா அதுதான் படத்தையும் தின்னுக்கிட்டு இருக்கு, அமிலம் இல்லாத அட்டை மாத்தினா போதும். படத்துக்கு மேல சின்ன மரச் சிலுவை ஒண்ணொண்ணுலயும் இருக்கும், அதைக் கழட்டிப் போட்டுடாதீங்க, சிலுவைப்பாதைக்கு அந்த 14 மரச் சிலுவைதான் மூலம், படம் எல்லாம் அப்புறம் சேர்ந்தது.


சுண்ணாம்பு_கை

தம்பி, சிலிங்கை யாரையும் தொட விடாதே. தட்டையான பழைய வெள்ளை ஷீட், ஜாயிண்ட்ல மரப்பட்டி அடிச்சிருந்தா அது அஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. சும்மா இருக்கற வரைக்கும் பெரிசா ஒண்ணும் செய்யாது, அறுத்து ஒடைச்சு டிரில் போட்டாத்தான் நாரு காத்துல பறந்து நுரையீரல்ல போய் ஒக்காரும். சின்ன துண்டு லேப்ல டெஸ்ட் பண்ணிட்டு, அஸ்பெஸ்டாஸ்னா அதுக்குன்னு லைசென்ஸ் இருக்கற ஆளுங்களை வெச்சு நனைச்சு முழுசா எறக்கணும். வாலிபர் சங்கத்துப் பசங்களை ஞாயித்துக்கெழமை ஏணி வெச்சு ஏத்தி விடற வேலை இது இல்ல. எஞ்சினியர் ஒருத்தரை வெச்சு கூரை மரத்தையும் அப்பவே பாத்துடுங்க.

தண்டல் அண்ணே கேட்டதுக்கு வர்றேன். அந்த அம்மாங்களுக்கு வேர்க்கக்கூடாதுங்கறதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா இந்தக் கோவில் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. சூடான காத்து மேல போகும், கூரைகிட்ட இருக்கற ஓட்டைக் கல்லு வழியா வெளிய போகும், ஜன்னல் வழியா புதுக் காத்து உள்ள வரும். யாரோ தட்டை சிலிங்கைப் போட்டு அந்த வழியைப் பாதி மூடிட்டாங்க, அதனாலதான் இப்ப புழுங்குது. சிலிங்கை முறைப்படி எறக்கிட்டு, ஓட்டுக்கு அடியில வெயில் தடுக்கற ஷீட் போட்டு, கூரைச் சரிவோடயே பலகை அடிச்சா ஒசரமும் கிடைக்கும் காத்தும் வரும், நாலு நல்ல பேன் தொங்க விடலாம். ஏர்கான் போடணும்னா எல்லா ஓட்டையையும் அடைக்கணும், மாசத்துக்கு ஒரு பூசைக்கு ரெண்டு மணி நேரம் ஏர்கான் ஓடும், மிச்ச நாள் பூரா காத்தே இல்லாம ஈரச் செவுரு பூட்டிக் கெடக்கும். பூஞ்சைக்கு அதை விட நல்ல வீடு கிடைக்காது. கரண்ட் பில்லு யாரு கட்டுவாங்கன்னும் கேளுங்க.

கலர் கண்ணாடியை எடுக்காதீங்க. பெரிய கோவில்ல இருக்கற ஈயக்கம்பி வெச்ச சித்திரக் கண்ணாடி இல்லதான், சாதா பூப்போட்ட கலர் ஷீட்டை அறுத்து மரச் சட்டத்துல புட்டி வெச்சு ஒட்டினது. அந்தக் காசுக்குத் தகுந்த அலங்காரம் அது, ஆனா பாரு, வளைவுக்கு மேல மட்டும் கலரு, கீழ தொறக்கற கதவு. வெளிச்சத்துக்கு ஒண்ணு காத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சு யோசிச்சிருக்கான் தச்சன். அலுமினியம் ஸ்லைடிங்ல எப்பவும் பாதிதான் தொறக்கும். ஒடஞ்ச துண்டுக்கு பதிலா வேற துண்டு வெச்சு புட்டி மாத்தினா போதும், கொசுவுக்கு உள்பக்கம் வலை போட்டுக்கலாம்.

முன் செவுத்து கூர் வளைவு, படி எல்லாம் இடிக்கணும்னு யாரும் சொல்லல போல, நல்லவேளை. எல்லாத்தையும் பிரான்ஸ்ல கண்ட கோவில் மாதிரி கட்ட சாமியாருக்கு ஆசை, தோட்டத்துல கிடைச்சது கொஞ்சம் செங்கல்லும் ஒரு தச்சனும், அதனால ரோட்டைப் பாத்த பக்கம் மட்டும் கோதிக், மிச்சம் நம்ம மழைக்குத் தகுந்த வீடு. எனக்கு என்னமோ அந்தப் பின்பக்கம்தான் ரொம்பப் புடிக்கும். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா கோவில்ல பாருங்க, 1888ல கட்டினது ஒரு மாதிரி, 2002ல வந்த புதுக் கோவிலுக்கு ஓரம் கொம்பு மாதிரி ஒசந்த மினாங்கபாவ் கூரை, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுத்தான் ஜூலை திருநாள் நடக்குது. புதுசு வேணும்னா பழசை ஒடைக்கணும்னு ஒண்ணும் இல்ல.

தரை என்ன தரை? சொல்லவே இல்லையே.


பழைய_தண்டல்

பேன் சரி. ஆனா வாசப்படியில வீல்சேர் ஏற சாய்வுத் தளமும், உக்காந்து போற மாதிரி ஒரு டாய்லெட்டும் கட்டிக் குடுங்க, காசு குடுக்கறவர் பேரை அதுல எழுதிக்கட்டும். செவுத்துல டைல்ஸ் இல்லாட்டி எனக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா வெளிய போட்ட அந்த காங்கிரீட்டை எடுத்தா தேர் எங்க நிறுத்துவீங்க? சேத்துல எறங்கிடும்.


சுண்ணாம்பு_கை

முழுசா எடுக்க வேணாம் அண்ணே. செவுத்தை ஒட்டி ரெண்டடி அகலத்துக்கு மட்டும் அறுத்து எடுத்துட்டு, மட்டத்தை எறக்கி, அடியில தண்ணி போக குழாய் வெச்சு மேல ஜல்லி போட்டுட்டா தேரும் நிக்கும் செவுரும் காயும். சாய்வுத் தளமும் டாய்லெட்டும் நல்ல யோசனை, ஆனா டாய்லெட்டை கோவில் செவுத்தோட ஒட்டிக் கட்டாதீங்க.


நிபோங்_பையன்

தரை செவப்பு சிமெண்ட், நல்லா மழமழன்னு தேச்சது, நடுவுல நடை போற எடம் தேஞ்சிருக்கு, ரெண்டு எடத்துல விரிசல். வழுக்குதுன்னா அது மெழுகுவர்த்தி மெழுகுதான், பீடத்து முன்னாடி ஸ்டாண்ட் வெச்சிருக்காங்க.

ஃபாதர்கிட்ட பீடக்கல்லு பத்தி சொல்லிட்டேன், வந்து பாக்கறேன்னாரு, அதுவரைக்கும் பீடத்துல யாரும் கை வைக்கக்கூடாதுன்னு கமிட்டிக்கும் போன் போட்டுட்டாரு. காசு குடுக்கறவரும் கூரைக்குன்னா கூரைக்கே குடுக்கறேன்னு சொல்லிட்டாராம், அவரு மனைவிதான் டைல்ஸ் கேட்டாங்களாம்.

கூரையில விழுந்த ஓடு ஒண்ணை எடுத்துப் பாத்தேன், அடியில எழுத்து இருக்கு, மார்செய்னு படிக்க முடியுது, நடுவுல ஏதோ பூச்சி படம். தகரத்துக்கு மாத்தலாம்னு ஒரு பேச்சு ஓடுது, கசியாதாம்.


சுண்ணாம்பு_கை

பூச்சி இல்ல தம்பி அது தேனீ. மார்செய் செயிண்ட் ஆந்த்ரேல இருந்த குய்ஷார் கார்வேன் கம்பெனி முத்திரை, பினாங்குல பழைய கட்டடம் பலதுல இருக்கும். ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கற ஓடு, அதனால லேசு, மரம் கம்மியா வேணும். ஓடு கசியல, அடியில ஓட்டைத் தாங்கற ரீப்பர் மரச் சட்டம் உளுத்திருக்கும், அதை மாத்தி அதே ஓட்டைத் திருப்பி அடுக்கினா போதும். தகரம் போட்டா மழை நேரத்துல சாமியார் பிரசங்கம் யாருக்கும் கேக்காது, சில பேருக்கு அது வசதியா இருக்கலாம்.

செவப்புத் தரையை டைல்ஸ் போட்டு மூடாதே, விரிசலை மட்டும் செவப்பு ஆக்சைடு கலந்து அடைச்சு மறுபடி தேச்சுக்கலாம். மெழுகு ஸ்டாண்டை வெளிய கெபிகிட்ட (குகை மாதிரி கட்டின மாடம்) கொண்டுபோ, உள்ள புகையும் கொறையும். இந்த ஜூன் 13க்குள்ள எல்லாம் முடியாது, கூரையும் வாய்க்காலும் மட்டும் முடிச்சுடுங்க, செவுரு அடுத்த வருசத்துக்கு காயட்டும், வர்றவங்ககிட்ட ஏன் பெயிண்ட் அடிக்கலன்னு ஒரு அட்டையில எழுதி வாசல்ல மாட்டிடு. கழட்டற ஓட்டுல ஒடையாதது மிச்சம் இருந்தா தூக்கிப் போடாம எனக்கு பிரைவேட் மெசேஜ் போடு, ஆர்மேனியன் தெருவுல ஒரு வீட்டுக்கு தேனீ ஓடு தேடி அலையறேன்.